கரூர்ல பஸ்ஸு, ஊர்ல ஆர்ச்சு

எங்க மாமா ஒரு மினி பஸ் வாங்கினாரு. அதப் பாக்கத்தான் கரூருக்குப் போனோம். சுத்திப் பாக்கவெல்லாம் இல்ல. கரூர யாரும் சுத்திப் பாக்கப் போக மாட்டாங்கன்னு கரூர்காரங்களே சொல்றாங்க.

மாமான்னா எங்கம்மாவோட தம்பி. பதினாலு வருஷம் ஷார்ஜாவுல, அதுல பதினோரு வருஷம் கம்பெனி பஸ் ஓட்டிட்டு, போதும்னு பெட்டியக் கட்டிட்டு வந்துட்டாரு. வந்த நாள்லேந்து ஒரே பாட்டு, நம்ம ஊருக்கு பஸ் விடணும். எங்க ஊரு கீழ்வேளூர்லேந்து உள்ள ஏழு கிலோமீட்டரு. காலையில ஒரு டவுன் பஸ், சாயங்காலம் ஒண்ணு. நடுவுல ஒண்ணு வந்தா வரும், வரலன்னா ஷேர் ஆட்டோவுல பத்து பேரோட மடியில பத்து பேரு. மாமா பெர்மிட்டுக்கு அலையோ அலைன்னு அலைஞ்சு வாங்கிட்டாரு. ஆனா பெர்மிட்டுல ஒரு தேதி குடுத்திருக்காங்க, அதுக்குள்ள வண்டி ரூட்ல ஓடணும். ஓடலன்னா பெர்மிட்டு காலி, மாமாவும் மறுபடி ஷார்ஜா.

கம்பெனிலேந்து வர்றப்ப பஸ்ஸுன்னு ஒண்ணும் இருக்காது. இஞ்சின், சக்கரம், ஸ்டீரிங், டிரைவர் சீட்டு, அவ்ளோதான். கூரை, ஜன்னல், சீட்டு, படிக்கட்டு எல்லாம் தனியா கட்டணும், அதுக்குப் பேரு பாடி கட்டுறது. அது கரூர்ல. தமிழ்நாட்டுல எந்த பஸ்ஸ மறிச்சு நீ எங்க பொறந்தேன்னு கேட்டாலும் கரூருன்னு சொல்லும்போல. மாமா வண்டிய அங்க விட்டு ஒன்றரை மாசம் ஆச்சு. கூரைக்குத் தகரம் அடிக்கிறதுக்கு முன்னாடி ஒருதடவ வந்து பாத்துடுங்கன்னு பட்டறையிலேந்து போன் வந்துச்சு.

நான் எதுக்குக் கூடப் போனேன்னா, நான் இஞ்சினியர். சிவில். முடிச்சு எட்டு மாசமா வீட்ல உக்காந்து ரீல்ஸ் பாக்குற சிவில். பஸ்ஸுக்கும் சிவிலுக்கும் என்ன சம்பந்தம்னு மாமாகிட்ட கேட்டேன். "ரெண்டுலயும் கம்பி இருக்குல்ல, வா"ன்னுட்டாரு.

விடியக்காலையில கீழ்வேளூர்ல ரயிலேறி தஞ்சாவூரு, அங்கேந்து பஸ்ஸுல திருச்சி, மறுபடி கரூர் பஸ்ஸு. குளித்தலை பக்கம் ஜன்னல்ல பாத்துட்டு அப்படியே எந்திரிச்சு நின்னுட்டேன். வலது பக்கம் முழுக்க ஆறு. அந்தக் கரை கண்ணுக்கு மசமசன்னு தெரியுது.

"மாமா, இது என்ன ஆறு?"

"காவேரிடி."

"நம்ம காவேரியா?"

"நம்ம காவேரின்னு தனியா ஒண்ணு வச்சிருக்கியா?"

எங்க பக்கம் வர்றதுக்குள்ள அந்த ஆத்துக்கு ஏகப்பட்ட பங்காளி ஆயிடுறாங்க. வெண்ணாறு, வெட்டாறு, ஓடம்போக்கின்னு ஆளாளுக்குப் பிரிச்சு எடுத்துட்டு, கடைமடையில எங்களுக்கு வர்றது ஓடிவந்து தாண்டுற அகலத்துக்கு ஒரு வாய்க்கா. அதுக்கே ஊர்ல பாதிப் பேரு கரையில நின்னு வேடிக்கை பாப்போம். இங்க என்னடான்னா இவ்ளோ பெரிய ஆத்த ஒருத்தனும் திரும்பிக்கூடப் பாக்கல. பஸ்ஸுல எல்லாரும் தூங்குறாங்க. எனக்கு ஒரு மாதிரி கடுப்பாவும் இருந்துச்சு, சந்தோஷமாவும் இருந்துச்சு. பெரிய எடத்து சொந்தக்காரங்கள மொதமொத அவங்க வீட்லயே வச்சுப் பாத்த மாதிரி.

மாயனூர் தாண்டினதும் எங்க பஸ்ஸ ஒரு மொட்ட வண்டி முந்திட்டுப் போச்சு. வெறும் சட்டமும் சக்கரமும். டிரைவருக்கு முன்னாடி கண்ணாடி இல்ல, கதவு இல்ல, ஒண்ணுமில்ல. தலையில ஹெல்மெட், மூஞ்சிய சுத்தித் துண்டு, மனுஷன் காத்துல உக்காந்து பறக்குறாரு. மாமா அவரப் பாத்துக் கைய ஆட்டுனாரு. அவரும் ஆட்டுனாரு. "தெரிஞ்சவரா?"ன்னேன். "டிரைவரு"ன்னாரு மாமா, என்னமோ ஒரே வயித்துல பொறந்த மாதிரி.

கரூர்ல எறங்கினா பஸ் ஸ்டாண்டே ஊருக்கு நட்ட நடுவுல இருக்கு. எங்க பாத்தாலும் துணி. டிவிஎஸ் எக்ஸெல்ல ஆளே தெரியாத அளவுக்கு மூட்டை கட்டிட்டுப் போறாங்க, மூட்டை தானா வண்டி ஓட்டுற மாதிரி இருக்கு. பிளாட்பாரத்துல எக்ஸ்போர்ட்ல கழிச்ச சமையக்கட்டு டவலா குமிச்சு வச்சிருக்காங்க. ஒண்ணுல, சமைக்கிறவங்களுக்கு ஒரு முத்தம் குடுங்கன்னு இங்கிலீஷ்ல எழுதியிருந்துச்சு. எங்க வீட்ல சமைக்கிறது எங்க அத்தா, அதாவது அப்பா. அவர்கிட்ட போயி எவன் குடுப்பான்?

மாமா குனிஞ்சு ஒரு குளியல் டவல எடுத்துத் தடவிட்டே நின்னாரு. முகம் மாறிப்போச்சு.

"என்ன மாமா?"

"ஷார்ஜாவுல இதே டவலுதான் ஒவ்வொரு லீவுக்கும் டஜன் கணக்குல வாங்கிட்டு வருவேன். வெளிநாட்டுத் துண்டுன்னு உங்கம்மா இன்னும் பீரோவுல பூட்டி வச்சிருக்கா."

"அம்மாகிட்ட சொல்லிடவா?"

"சொன்ன, ஆத்துல தள்ளி விட்டுருவேன்."

ஆறுன்னா அமராவதி. ஊர ஒட்டியே ஓடுது. ஓடுதுன்னு சொல்றது மரியாதைக்கு. நாங்க போனப்ப பாதி மணலு, பாதி புதரு, நடுவுல ஒரு கோடு தண்ணி. ஆனா பாலத்து மேல ஆட்டோ போனப்ப காத்து சும்மா அள்ளிச்சு. கரையோரம் பெட்ஷீட்டா காயப் போட்டிருக்காங்க, நீலம் ஒரு வரிசை, மஞ்சள் ஒரு வரிசை. எங்க ஊர்ல அறுப்பு முடிஞ்சு நெல்லக் காய வக்கிற மாதிரி இவங்க துணியக் காய வக்கிறாங்க, அதே மாதிரி காலால தள்ளித் தள்ளி சரி பண்றாங்க. எனக்கு அந்த ஊரு அந்த நிமிஷத்துலேந்து புடிச்சுப் போச்சு. எங்க ஊரு மாதிரியே வேல தலைக்கு மேல கெடக்குற ஊரு.

பட்டறைக்குள்ள நுழைஞ்சா காது போச்சு. வரிசையா பஸ்ஸோட எலும்புக்கூடு. ஒண்ணுக்கு முதுகு மட்டும், ஒண்ணுக்கு முகம் மட்டும், ஒண்ணுக்கு எல்லாம் வச்சுப் பெயின்ட் அடிச்சு கல்யாணப் பொண்ணு மாதிரி ஓரமா நிறுத்தி வச்சிருக்காங்க. கிரைண்டர் நெருப்பு அந்தப் பக்கம் பறக்குது, வெல்டிங் வெளிச்சம் இந்தப் பக்கம். மேஸ்திரிக்கு முப்பது வயசு இருக்கும். காதுல பென்சில், கையில சாக்பீஸு.

"வாங்க வாங்க. தஞ்சாவூர்காரங்க வந்துட்டாங்க."

"நாகப்பட்டினம் ஜில்லாங்க"ன்னாரு மாமா.

"எங்களுக்குத் திருச்சிக்குக் கிழக்க எல்லாமே தஞ்சாவூருதானுங்க. சோறு வெளையுற எடம்."

எங்க வண்டி கடைசியில நின்னுச்சு. சட்டமெல்லாம் ஏத்தி, கூரைக்கு வளைவு வளைவாக் கம்பி வச்சு, தகரம் மட்டும் பாக்கி. மாமா உள்ள ஏறி நடுவுல நின்னாரு. அவரு ஆறடி ஒசரம். தலைக்கு மேல மூணு விரல் எடம் இருந்துச்சு. கைய மேல வச்சு வச்சுப் பாத்துட்டு, கண்ண மூடி அப்படியே நின்னாரு.

இதுக்கு ஒரு கத இருக்கு. ஷார்ஜாவுல மொத மூணு வருஷம் அவரு டிரைவர் இல்ல, கட்டட வேல. கேம்ப்லேந்து வேன்ல கூட்டிட்டுப் போவாங்க, தணிஞ்ச கூரை, சீட்டு கெடைக்காதவன் நிக்கணும். ஒன்றரை மணி நேரம் கழுத்த ஒரு பக்கமா சாச்சுட்டே போயி, சாச்சுட்டே வருவாராம். இன்னிக்கும் டிவி பாக்கறப்ப அவரு தல லேசா இடது பக்கம் சாஞ்சுதான் இருக்கும். அதனால பட்டறைக்காரங்ககிட்ட மொத நாளே மொதல்ல சொன்னது இதுதான். என் வண்டியில நிக்கிற எவனும் கழுத்த மடக்கக் கூடாது.

ரெண்டாவது ஒண்ணும் சொல்லியிருந்தாரு. முன்பக்கம் கூரைக்கு மேல கிரீடம் மாதிரி ஒரு பெட்டி, அதுல மக பேரு, சுத்தி பல்பு. மக ஒம்பதாவது படிக்குது. அது வயித்துல இருக்கப்ப போனவரு, லீவுக்கு வந்து வந்து பாத்த புள்ள. கலரு, எழுத்து மாடல் எல்லாம் அதுவே போன்ல பாத்து எடுத்துக் குடுத்துச்சு. கத்திரிப்பூ கலரு.

மேஸ்திரிகிட்ட நான், "டிராயிங் இருக்கா, பாக்கலாமா?"ன்னு கேட்டேன். கொஞ்சம் ஓவராத்தான் கேட்டேன். சிரிச்சுட்டு என்னைக் கூட்டிட்டுப் போயி தரையக் காட்டுனாரு. சிமெண்ட் தரையில சாக்பீஸால எங்க பஸ்ஸோட முன்பக்கம், நெஜ அளவுக்கே, முழுசா வரைஞ்சிருக்கு. படுத்துக்கெடக்குற பஸ்ஸு. கம்பிய வளைச்சு அந்தக் கோட்டு மேல வச்சுப் பாப்பாங்களாம், ஒக்காந்தா சரி, ஒக்காரலன்னா மறுபடி வளைப்பாங்க. நாலு வருஷம் நான் கம்ப்யூட்டர்ல கோடு போட்டு, பெருசாக்கி சின்னதாக்கி, அதுலயும் அரியர் வச்சது ஞாபகம் வந்துச்சு. இவங்க கோட்டு மேல நடந்து போறாங்க.

அப்பதான் அவரு சாதாரணமா கேட்டாரு. "கிரீடத்தோட மொத்தம் பத்தடி ஒரு இஞ்ச் வருதுங்க. ரூட்ல தணிவா ஏதாச்சும் இருக்குங்களா? ரயில் பாலம், கரண்டு கம்பி?"

மாமா, "ஒண்ணுமில்ல, ஊர் வாசல்ல ஒரு ஆர்ச்சு. பதினோரு அடி. நம்ம இஞ்சினியரம்மா போன்லயே சொல்லிச்சே"ன்னாரு.

"அது குறிச்சிருக்கேனுங்க. நேர்ல அளந்தீங்களாம்மா?"

"ஆங், அளந்தேன்"னேன்.

அளக்கல.

அந்த ஆர்ச்ச நான் சொல்லியாகணும். நான் ஏழாவது படிக்கறப்ப வெளிநாட்டுல இருந்த எங்க ஊர்க்காரங்க எல்லாம் சேந்து ஊர் வாசல்ல கட்டுனது. அந்தக் கமிட்டியில எங்க மாமாதான் முன்னாடி நின்னாரு, ஷார்ஜாவுல உக்காந்துகிட்டே. அதோட பிளான் இன்னும் அவரு போன்ல இருக்கு. மேஸ்திரி போன்ல கேட்டப்ப மாமா அந்தப் பிளான எனக்கு அனுப்பி, பாத்துச் சொல்லுன்னாரு. நான் பாத்தேன், பதினோரு அடின்னு போட்டிருந்துச்சு, சொன்னேன். வேல முடிஞ்சுது. வீட்லேந்து ஆர்ச்சுக்கு நடந்து போனா பத்து நிமிஷம்.

மேஸ்திரி பென்சில காதுலேந்து எடுத்துட்டு, "இல்ல, எதுக்குக் கேட்டேன்னா, ஆர்ச்சு அப்படியேதான் நிக்கும், ரோடுதான் வளரும். எத்தன தடவ ரோடு போட்டாங்கன்னு பாக்கணுமுங்க. போன மாசம் ஒரு வண்டி இப்படித்தான், ஊருக்குள்ளேயே போகல"ன்னாரு.

எனக்கு எங்க வீட்டு வாசப்படிதான் ஞாபகம் வந்துச்சு. ஏன்னா எங்க ஊர்ல ரோடு ரெண்டு தடவ போட்டாச்சு. பழசச் சுரண்டாம அது மேலயே ஜல்லியக் கொட்டி, அதுக்கு மேல தாரு. எங்க வீட்டு வாசப்படி மூணு இருந்தது இப்ப ஒண்ணுதான் இருக்கு. போதாததுக்கு ஆர்ச்சுக்கு நேரா கீழ ஒரு வேகத்தடை. ஆர்ச்சு தாண்டி ஊருக்குள்ள ஒன்றரை கிலோமீட்டரு. ரெண்டு பக்கமும் வாய்க்கா, சுத்திப் போக வழியே கெடையாது. ஆர்ச்சுக்கு வெளியில எறக்கி விட்டுட்டுப் போற பஸ்ஸு ஊருக்கு விட்ட பஸ்ஸே இல்ல.

டீ குடிச்சிட்டு வரேன்னு வெளியில வந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். அம்மா வீட்ல ஜாக்கெட் தைப்பாங்க.

"அம்மா, ஆர்ச்சு வரைக்கும் போயி அது எவ்ளோ ஒசரம்னு அளந்து சொல்லேன்."

"எதுக்குடி?"

"சும்மாதான்."

"சும்மாவுக்கு எவளாச்சும் ஆர்ச்ச அளப்பாளா? என்ன பண்ணித் தொலைச்ச?"

"அம்மா, ப்ளீஸ். மாமாவுக்குத் தெரிய வேணாம்."

"எதால அளக்க? எங்கிட்ட இருக்குறது இடுப்பளவு எடுக்குற டேப்பு."

"முருங்கக்கா பறிக்கிற துறட்டி இருக்குல்ல, அதத் தூக்கி ஆர்ச்சு அடியில முட்ட வச்சு, கீழ தரை வரைக்கும் மிச்சம் எவ்ளோன்னு அளந்துக்க. அப்புறம் துறட்டியப் படுக்க வச்சு அதையும் அளந்து, ரெண்டையும் கூட்டு. வேகத்தடை மேல நின்னு அளக்கணும், பள்ளத்துல இல்ல."

"பட்டப்பகல்ல நடுரோட்டுல துறட்டியோட நிக்கணும். உன்னைப் படிக்க வச்சதுக்கு இது ஒண்ணுதான் பாக்கி."

இருபது நிமிஷத்துல வாய்ஸ் மெசேஜ் வந்துச்சு. பின்னாடி ஊரே இருக்கு. டீக்கடைக்காரர், "அக்கா, துறட்டி கோணலா இருக்கு, நேராப் புடிங்க"ங்கிறாரு. எவரோ, "ஆர்ச்ச எடுக்கப் போறாங்களா?"ங்குறாங்க. அம்மா, "ஆமா, ஆர்ச்சுக்கு ஜாக்கெட் தைக்கப் போறேன், தள்ளுங்க"ங்கிறாங்க. கடைசியில தெளிவா, "ஒம்போது அடி எட்டு இஞ்ச். ரெண்டு தடவ பாத்துட்டேன். தையக்காரி அளவு, தப்பாது. என்ன பண்ண போற?"

பத்தடி ஒரு இஞ்ச் வண்டி, ஒம்போது அடி எட்டு இஞ்ச் ஓட்டை. இதுக்கு இஞ்சினியரிங் தேவையில்ல.

மதியம் பிரியாணி கடையில உக்காந்தோம். மாமா செம குஷியில இருந்தாரு. இந்த ஊரு பிரியாணியில காரம் தூக்கலா இருக்கு, நம்ம ஊரு கல்யாண பிரியாணி கிட்ட நிக்குமான்னு சொல்லிட்டே ரெண்டாவது பிளேட்டு சொன்னாரு. நான் லெக் பீஸத் தொடல. நான் லெக் பீஸத் தொடலன்னா அது கிட்டத்தட்ட ஆம்புலன்ஸ் கூப்புடுற விஷயம்.

"என்னடி, ஒடம்பு சரியில்லையா?"

"மாமா, நான் ஆர்ச்ச அளக்கவே இல்ல. பிளானப் பாத்து சொன்னேன். அளந்தேன்னு பொய் சொல்லிட்டேன். இப்ப அம்மா அளந்தாங்க. ஒம்போது எட்டுதான் இருக்கு."

ஒரே மூச்சுல சொல்லிட்டேன். மாமா கை சோத்துலயே நின்னுச்சு. திட்டுவாருன்னு பாத்தேன். திட்டியிருந்தா ஈஸியா இருந்திருக்கும். தண்ணி குடிச்சாரு. டம்ளரக் கீழ வச்சாரு. "நாலு மாசமா நான் அந்த ஆர்ச்சுக்கு அடியில உக்காந்துதான் தெனம் டீ குடிக்கிறேன்"ன்னாரு. "மேல ஒருதடவ அண்ணாந்து பாக்கல. நான் கட்டுனதுன்னு கர்வம். பிளான்ல இருக்குறது மாறுமான்னு நெனச்சுட்டேன்."

"நீங்க எங்கிட்டதான மாமா கேட்டீங்க."

"உன்னைக் கேட்டது தப்பில்ல. நீ பொய் சொன்னது தப்பு. அத அந்த மேஸ்திரிப் பையன்கிட்ட நீயே போயி சொல்லு. நான் சொல்ல மாட்டேன். சாப்புடு மொதல்ல."

சாப்புட்டேன். ஆறிப்போயிருந்துச்சு, ஆனாலும் நல்லாத்தான் இருந்துச்சு.

மேஸ்திரிகிட்ட போயி, "அண்ணா, காலையில பொய் சொன்னேன், அளக்கல"ன்னேன். அவரு மூஞ்சியில ஒரு மாத்தமும் இல்ல. "தெரியுமுங்க"ன்னாரு. "அளந்தவங்க பதினோரு அடின்னு முழுசா சொல்ல மாட்டாங்க. கூட ரெண்டு இஞ்சாச்சும் நீட்டிட்டு இருக்கும். அதான் மறுபடி கேட்டேன்." நான் வாங்குன பல்புலயே அதுதான் பெருசு. வெளிச்சமும் நல்லா வந்துச்சு.

அப்புறம் மூணு பேரும் வண்டிக்கு முன்னாடி நின்னோம். மேஸ்திரி ரெண்டு வழி சொன்னாரு. ஒண்ணு, தகரம் இன்னும் அடிக்கல, தூண வெட்டிக் கூரைய எட்டு இஞ்ச் எறக்கிடலாம், கிரீடம் அப்படியே இருக்கும், மூணு இஞ்ச் இடைவெளியில ஆர்ச்சு தாண்டிடும். ஆனா உள்ள மாமா ஒசரத்துக்கு நிமிர முடியாது. ரெண்டு, கூரை இப்படியே இருக்கட்டும், கிரீடத்த எடுத்துட்டா அதே மூணு இஞ்ச்.

"கூரைய எறக்குறது மூணு நாளு கூட ஆகும், தேதிக்குள்ள முடிச்சுத் தரேன். நெறைய பேரு அதத்தான் கேப்பாங்க"ன்னாரு மேஸ்திரி. "பேரு முன்னாடி இல்லன்னா வண்டிக்கு மூஞ்சியே இல்லாத மாதிரி இருக்குமுங்க."

"ஆர்ச்சையே கொஞ்சம் ஒசத்திட்டா?"ன்னு நான் கேட்டேன்.

"கமிட்டி போட்டு, அதுக்கு நானே முன்னாடி நின்னு, ஆர்ச்ச இடிச்சு... அதுக்குள்ள என் பேத்தி பஸ் ஓட்டுவா"ன்னாரு மாமா.

மறுபடி வண்டியில ஏறி நின்னாரு. நிமிந்து நின்னாரு. அப்புறம் எறங்கி வந்து தரையில சாக்பீஸ் கோட்டுல கிரீடம் இருந்த எடத்தப் பாத்தாரு. மக பேரு எழுத்து எழுத்தா அளவோட வரைஞ்சு வச்சிருந்தாங்க. அவரு செருப்பு அது மேல படாம தள்ளி நின்னதப் பாத்தேன். அந்த மனுஷனுக்கு ரெண்டும் வேணும். பதினாலு வருஷத்துல ரெண்டே ரெண்டுதான் கேட்டாரு, ஒண்ண விடணும்னா எத விடுறது? நான் பிளானப் பாத்த நேரத்துல செருப்ப மாட்டிட்டுப் பத்து நிமிஷம் நடந்திருந்தா வேற மாடலாச்சும் யோசிச்சிருக்கலாம்.

மகளுக்குப் போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல.

"அத்தா, கிரீடம் வச்சாச்சா? போட்டோ அனுப்புங்க."

"இல்லம்மா. ஒரு சிக்கல்." எல்லாத்தையும் சொன்னாரு, என் பேரு வராம. ஆர்ச்சு தணிஞ்சிருக்கு, கூரைய எறக்கணும், இல்ல பேர எடுக்கணும்.



"கூரைய எறக்குனா நீங்க உள்ள குனிஞ்சுதான் நிக்கணுமா?"

"நான் டிரைவர் சீட்ல உக்காந்திருப்பேன். நிக்கிறவங்க குனியணும்."

"அப்ப கூரைய எறக்காதீங்கத்தா. பேரப் பின்னாடி கண்ணாடியில போடுங்க."

"பின்னாடி போட்டா யாரும்மா பாப்பாங்க?"

"அத்தா, நம்ம ரோட்டுல உங்க பஸ்ஸ எவனால ஓவர்டேக் பண்ண முடியும்? பின்னாடி மாட்டுனவன் கீழ்வேளூர் வரைக்கும் என் பேரத்தான் படிச்சுட்டு வரணும்."

மேஸ்திரி சாக்பீஸக் கீழ போட்டுட்டு சிரிச்சாரு. மாமா சிரிக்கல. மொகத்தத் துண்டால தொடச்சுட்டு, "அந்தக் கத்திரிப்பூ கலருலயே போட்டுடலாமா?"ன்னு கேட்டாரு.

"அதே கலரு. பெருசா."

மேஸ்திரி குனிஞ்சு கிரீடத்த மட்டும் ஈரத் துணியால அழிச்சாரு. எழுத்த அழிக்கல. அத அளந்து, பின் கண்ணாடிக்கு எவ்ளோ பெருசாக்கணும்னு பக்கத்துலயே கணக்குப் போட ஆரம்பிச்சாரு. டேப்போட ஒரு முனைய எங்கிட்ட குடுத்தாரு. "நீங்க புடிங்க, இஞ்சினியரம்மா. நேர்ல அளக்கலாம்." குத்துறாருன்னு தெரிஞ்சுது. புடிச்சேன்.

திரும்பி வர்றப்ப மாமா எங்கம்மாவுக்குன்னு ஒரு பொட்டலம் கரம் வாங்குனாரு. பொரியில கேரட்டு, பீட்ரூட்டு, சட்னியெல்லாம் போட்டு கரூர்ல அடிக்கிற ஐட்டம், வேற லெவல். நமுத்துடும்னு குளித்தலைக்குள்ள நாங்களே முடிச்சிட்டோம். ஆறு வெயில்ல பளபளன்னு கூடவே வந்துச்சு. பஸ்ஸுல எல்லாரும் தூங்கினாங்க. நாங்களும் தூங்கிட்டோம்.

வண்டி ஊருக்கு வந்தது தேதிக்கு ஆறு நாளு முன்னாடி, ஒரு வெள்ளிக்கெழம, ஜும்ஆ தொழுகை முடிஞ்சு ஆளுங்க ஆர்ச்சுகிட்ட டீ குடிக்கிற நேரம். மாமாதான் கரூர்லேந்து ஓட்டிட்டு வந்தாரு. ஆர்ச்சுக்கு இருபதடி முன்னாடி நிறுத்திட்டு எறங்கினாரு. மூணு இஞ்ச்னு கணக்கு சொல்லுது. ஆனா கணக்கு எங்கம்மா துறட்டியில போட்டது, துறட்டி கோணல்னு டீக்கடைக்காரர் அன்னிக்கே சொன்னாரு. நாலு பேரு குனிஞ்சு பாத்தாங்க, நாலு பேரு ஏணி கொண்டாங்கன்னாங்க. ஒருத்தரு, "டயர்ல காத்த எறக்குப்பா, தாண்டிடும்"ன்னாரு.

மாமா வண்டியச் சுத்தி வந்தாரு. ஆளில்லாத வெறும் வண்டி, ஸ்பிரிங் பட்டை மேல நிமிந்து நிக்குது.

"காத்து எதுக்கு? எல்லாரும் ஏறுங்க"ன்னாரு.

"எதுக்குப்பா?"

"எடைக்கு. ஆளு ஏறுனா பட்டை அமுங்கும், வண்டி ரெண்டு இஞ்ச் எறங்கும். ஏறுங்க, ஏறுங்க, குண்டா இருக்குறவங்க முன்னாடி வாங்க."

ஏறுனாங்க. டீக்கடைக்காரர் அடுப்ப அணைச்சுட்டு ஏறுனாரு. எங்கம்மா கழுத்துல டேப்போடவே ஏறுனாங்க. மத்தியானமே ஸ்கூல்ல சொல்லிட்டு வந்த மாமா மக பின்னாடி கண்ணாடியில தன் பேரத் தடவிப் பாத்துட்டுக் கடைசியா ஏறுச்சு. சீட்டெல்லாம் ரொம்பி, நடுவுல நெருக்கி நின்னோம். பள்ளிவாசல்ல பாங்கு சொல்ற மோதினாரு மாமாவ விட ஒசரம், அவரு கழுத்த மடக்காம நின்னாரு. மாமா கண்ணாடியில அவரத்தான் பாத்துட்டு இருந்தாரு. பிஸ்மில்லாஹ் சொல்லி மொத கியர் போட்டாரு.

வேகத்தடையில முன் சக்கரம் ஏறுச்சு. எல்லாரும் கூரையையே பாக்குறோம். பின் சக்கரமும் ஏறி எறங்கிச்சு. ஒரு சத்தமும் இல்ல.

"தாண்டிடுச்சு, எல்லாரும் எறங்குங்க"ன்னு மாமா திரும்பிப் பாத்தாரு.

யாரும் எறங்கல. எங்கம்மா ஜன்னலோரமா நல்லா சாஞ்சு உக்காந்துட்டு, "பள்ளிவாசல் வரைக்கும் போடா"ன்னாங்க.